எங்களுக்கே தெரியாமல் திறந்து கிடந்த கதவுகள்: ஒரு லீஸ்டு லைன் கால அனுபவம்

2001 ஜனவரி 18, வியாழக்கிழமை. காணும் பொங்கல் முடிந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. இரவு பத்தரை மணிக்கு அலுவலகத்திலிருந்து போன். "தம்பி, எட்டு மணியிலேர்ந்து ஒரு ஃபைல்கூட வரலை. பிள்ளைங்க எல்லாம் சும்மா உட்கார்ந்திருக்காங்க" என்றார் எடிட்டர் அக்கா. வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

அப்போது நான் கோடம்பாக்கத்தில் ஒரு சின்ன மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் நிறுவனத்தில் கம்ப்யூட்டர்களையும் நெட்வொர்க்கையும் பார்த்துக்கொள்ளும் சிஸ்டம் அட்மின். அந்தத் தொழிலைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். அமெரிக்காவில் டாக்டர் நோயாளியைப் பார்த்து முடித்ததும் குறிப்புகளை வாயால் சொல்லிப் பதிவு செய்வார். அந்த ஆடியோ ஃபைல் இணையம் வழியாக நமக்கு வரும். கேட்டு, டைப் செய்து, பிழை திருத்தி, திரும்ப அனுப்ப வேண்டும். அவர்களுடைய பகல் நமக்கு இரவு என்பதால் அவர்கள் மறுநாள் ஆஸ்பத்திரிக்கு வரும்போது அறிக்கை தயாராக இருக்கும். 1995 ஆகஸ்ட் 15 அன்று அப்போது அரசு நிறுவனமாக இருந்த விஎஸ்என்எல் இந்தியாவில் இணையத்தைப் பொதுமக்களுக்கு விற்கத் தொடங்கியது. 1998 நவம்பரில் தனியாரும் இணைய சேவை தரலாம் என்று அனுமதி வந்தது. அதற்குப் பிறகு இந்த மாதிரி நிறுவனங்கள் சென்னையில் தெருவுக்குத் தெரு முளைத்தன. எங்களுடையது அதில் ஒன்று.

எங்களிடம் இருந்தது 64 கேபிபிஎஸ் வேக லீஸ்டு லைன், அதாவது வாடகைக்கு எடுத்த, எப்போதும் இணைந்தே இருக்கும் தனி இணைப்பு. ஒரு எம்பி ஃபைல் வந்து சேர இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகும். அந்த ஒற்றை லைனை நம்பித்தான் நாற்பது பேரின் சம்பளம். ஸ்டோர் ரூமாக இருந்த இடத்தை பிளைவுட் அடித்துத் தடுத்து சர்வர் ரூம் ஆக்கியிருந்தோம். உள்ளே போனதும் மோடத்தைப் பார்த்தேன். அதன் முகப்பில் இரண்டு சின்ன விளக்குகள் உண்டு. உள்ளே ஏதாவது வந்தால் ஆர்எக்ஸ் மினுக்கும், வெளியே போனால் டிஎக்ஸ் மினுக்கும். அந்த நேரத்தில் ஆர்எக்ஸ்தான் ஓயாமல் துடித்துக்கொண்டிருக்க வேண்டும். அது எப்போதாவது ஒரு முறை கண் சிமிட்டியது. டிஎக்ஸோ அணையாமல் நின்று எரிந்தது. அலுவலகத்தில் யாரும் எதையும் அனுப்பவில்லை. அப்புறம் எங்கள் லைன் வழியாக வெளியே போவது என்ன?

கேபிளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்தேன். எஃப்டிபி சர்வரின் கேபிளை எடுத்ததும் டிஎக்ஸ் அணைந்தது. ரெட் ஹேட் லினக்ஸ் 6.2 என்ற ஓஎஸ் ஓடிய பெட்டி அது. ஆஸ்பத்திரிகள் ஆடியோ ஃபைல்களைக் கொண்டுவந்து போடுவது அதில்தான், எங்கள் வெப்சைட் இருந்ததும் அதில்தான். எந்தெந்த புரோகிராம் ஓடுகிறது என்று பட்டியல் எடுத்தால், நான் போடாத பெயர்கள் வரிசையாக நின்றன. எல்லாம் 'யூஎஸ்ஆர்' என்ற டைரக்டரிக்குள் (ஃபைல்களை அடுக்கி வைக்கும் ஃபோல்டர் அது) 'எஸ்ஆர்சி', அதற்குள் '.பூப்' என்ற ஒரு இடத்திலிருந்து கிளம்பியிருந்தன. லினக்ஸில் பெயர் புள்ளியில் தொடங்கினால் சாதாரணப் பட்டியலில் கண்ணுக்குப் படாது. எங்கள் முகப்புப் பக்கத்தைத் திறந்தேன். நிறுவனத்தின் பெயரும் லோகோவும் போய், ஹேக்கர்களுக்கு நூடுல்ஸ் என்றால் அவ்வளவு ஆசை என்ற பொருளில் ஒரு வரியும், 'ராமென் க்ரூ' என்ற கையெழுத்தும் இருந்தன.

எனக்கு 24 வயது. கை நடுங்கியது. அந்த டைரக்டரியை அழித்தேன். மெஷின் துவங்கும்போது அதைத் தானாக ஓட வைக்க ஒரு வரி சேர்க்கப்பட்டிருந்தது, அதையும் எடுத்தேன். பழைய முகப்புப் பக்கத்தை பேக்கப்பிலிருந்து போட்டேன். கேபிளைச் செருகினேன். ஆர்எக்ஸ் துடிக்கத் தொடங்கியது, ஃபைல்கள் வந்தன, ஹாலில் கீபோர்டு சத்தம் கேட்டது. மணி ஒன்றரை. பிரச்சினை தீர்ந்தது என்று வீட்டுக்குப் போய்த் தூங்கிவிட்டேன். அந்த வேலையில் நான் செய்த மிகப் பெரிய தவறு அது.

மறுநாள் காலையில், எங்களுக்கு லைன் கொடுத்த நிறுவனத்தில் இருந்த ஒரு இன்ஜினியரைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். எப்போது கூப்பிட்டாலும் பொறுமையாகப் பதில் சொல்வார். அது ராமென் என்ற புழு என்றார். ஆள் யாரும் உட்கார்ந்து நுழைக்க வேண்டாம். ஒரு மெஷினில் புகுந்ததும் அதுவே இணையத்தில் இருக்கும் மற்ற மெஷின்களின் எண் முகவரிகளை (ஐபி) அடுத்தடுத்துத் தட்டிப் பார்த்து, ஓட்டை இருக்கும் லினக்ஸ் பெட்டிகளில் தன் நகலை இறக்கும். எங்கள் லைனை அடைத்தது அந்தத் தட்டல்தான். உள்ளே வந்த பிறகு, தான் வந்த வழியைத் தானே அடைத்துவிடும் என்றும் சொன்னார். எஃப்டிபியில் யாரும் பெயரில்லாமல் நுழையும் வசதியை அது நிறுத்திவிடும். நான் போய்ப் பார்த்தேன். உண்மைதான். நான் மாதக்கணக்கில் மூடாத கதவை அந்தப் புழு மூடியிருந்தது.

"சுத்தம் பண்ணிட்டேன் சார்" என்றேன்.

"சரி தம்பி. அந்த ஓட்டை எத்தனை மாசமா திறந்து இருந்தது?"

"சர்வர் போட்டது ஆகஸ்ட்ல சார்."

"அப்போ ஆகஸ்ட்லேர்ந்து நேத்து வரைக்கும் வேற யாரும் வரலைன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

என்னிடம் பதில் இல்லை. இருபத்தைந்து வருடமாக இந்தத் துறையில் இருக்கிறேன். எந்த நெட்வொர்க்கில் என்ன சிக்கல் வந்தாலும் நான் முதலில் கேட்பது இன்றைக்கும் அந்தக் கேள்வியைத்தான்.

அந்த ஓட்டை அங்கே எப்படி வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது எங்கள் கதை மட்டும் இல்லை. அந்தக் காலத்தில் லினக்ஸை யாரும் டவுன்லோட் செய்ய மாட்டோம். கம்ப்யூட்டர் பத்திரிகையோடு சிடி வரும், அதிலிருந்து போடுவோம். நிறுவும்போது எந்தெந்தப் பகுதி வேண்டும் என்று கேட்கும். பட்டியலின் கடைசியில் 'எல்லாம்' என்று ஒரு தேர்வு. நான் அதைத்தான் தேர்ந்தெடுத்தேன். தெரிந்தவர்கள் எல்லாருமே அதைத்தான் செய்தார்கள். பின்னால் ஏதாவது தேவைப்பட்டால் 64 கேபிபிஎஸ் லைனில் யார் இறக்கிக்கொண்டிருப்பது? இடம் இருக்கிறது, எல்லாம் இருக்கட்டும். அந்த 'எல்லாம்' என்ற ஒரு சொல்லுக்குள் ஃபிங்கர், டாக், ஆர்லாகின், பிரிண்டர் சேவை, ஃபைல் பகிர்வு என்று நாங்கள் ஒரு நாளும் தொடப்போகாத சேவைகள் இருந்தன. மெஷினைப் போட்டவுடனே எல்லாம் ஓடத் தொடங்கிவிடும், வெளியிலிருந்து யார் தட்டினாலும் பதில் சொல்லும். எங்களுக்குத் தேவைப்பட்ட எஃப்டிபியிலும் ஓட்டை இருந்தது. டபிள்யூயூ-எஃப்டிபிடி என்ற அந்த மென்பொருளின் ஓட்டை வெளியே தெரிந்ததும் திருத்தம் வந்ததும் 2000 ஜூனில். நான் சர்வர் போட்டது ஆகஸ்டில், பழைய சிடியிலிருந்து. மருந்து கடைக்கு வந்து இரண்டு மாதம் கழித்துப் பிறந்த குழந்தைக்கு நான் தடுப்பூசி போடவில்லை.

சரி, வேறு யாராவது வந்திருந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது? அந்த இன்ஜினியர் ஒரே ஒரு கட்டளையைச் சொல்லிக் கொடுத்தார். ரெட் ஹேட்டில் 'ஆர்பிஎம்' என்ற கருவி, நிறுவிய ஒவ்வொரு ஃபைலின் அளவையும் ஒரு கணக்குக் குறியையும் குறித்து வைத்திருக்கும். இப்போது இருக்கும் ஃபைல் அந்தக் குறிப்போடு ஒத்துப்போகிறதா என்று சரிபார்க்கச் சொல்லலாம். ஒத்துப்போனால் எதுவும் பேசாது. ஒத்துப்போகாவிட்டால் அந்த ஃபைலின் பெயரைச் சொல்லும். அளவு மாறியிருந்தால் பக்கத்தில் 'எஸ்' என்ற எழுத்து, உள்ளடக்கம் மாறியிருந்தால் '5' என்ற எண்.

மாலை ஆறு மணிக்கு ஓட விட்டேன். முதலில் நானே திருத்திய சில கான்ஃபிக் ஃபைல்கள், அதாவது அமைப்புகளை எழுதி வைக்கும் ஃபைல்கள், வந்தன. அவை மாறியிருப்பது நியாயம். அப்புறம் 'பிஎஸ்' வந்தது, பக்கத்தில் எஸ், 5. அடுத்து 'எல்எஸ்'. அடுத்து 'நெட்ஸ்டாட்'. இவற்றை யாரும் திருத்துவதில்லை. ஓடும் புரோகிராம்களைக் காட்டுவது பிஎஸ், ஃபைல்களைக் காட்டுவது எல்எஸ், இணைப்புகளைக் காட்டுவது நெட்ஸ்டாட். முந்தின இரவு நான் எதைப் பார்த்து 'சுத்தமாகிவிட்டது' என்று நம்பினேனோ, அந்த மூன்றையும் யாரோ மாற்றி வைத்திருந்தார்கள். புழுவை அவை காட்டின. தங்கள் எஜமானனை மட்டும் மறைத்தன.

புழு வருவதற்கு வெகு நாள் முன்பே ஒரு மனிதர் அதே கதவு வழியாக வந்து குடியிருந்திருக்கிறார்.

மெஷினில் இருக்கும் எந்தக் கட்டளையையும் அதற்கு மேல் நம்ப முடியாது. சிடியிலிருந்து சுத்தமான கருவிகளை எடுத்து ஓட்டினேன். 'டெவ்' என்ற டைரக்டரியில் தேடச் சொல்லியிருந்தார் இன்ஜினியர். அதற்குள் டிஸ்க், டெர்மினல், மவுஸ் போன்ற கருவிகளைக் குறிக்கும் நூற்றுக்கணக்கான பெயர்கள் இருக்கும், யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. சாதாரண ஃபைல் என்று அங்கே கிட்டத்தட்ட எதுவுமே இருக்கக் கூடாது. 'பிடிஒய்பி0', 'பிடிஒய்பி1' என்று எண்ணோடு போகும் வரிசையில், எண் இல்லாமல் வெறும் 'பிடிஒய்பி' என்று ஒன்று இருந்தது. அது ஒரு சாதாரண டெக்ஸ்ட் ஃபைல். எந்தெந்த புரோகிராமை மறைக்க வேண்டும் என்ற பட்டியல் அதில் இருந்தது. அந்தப் பட்டியலைப் பிடித்துக்கொண்டு போனால் இன்னொரு ஃபைல். திறந்தேன்.

பெயர், பாஸ்வேர்டு. பெயர், பாஸ்வேர்டு. நவம்பர் மாதத்திலிருந்து எங்கள் அலுவலகத்தில் மெயில் பார்த்தவர்கள், எஃப்டிபியில் நுழைந்தவர்கள், டெல்நெட் மூலம் வேறு மெஷினுக்குள் போய் வேலை செய்தவர்கள் அத்தனை பேருடைய பாஸ்வேர்டும் வரிசையாக. எடிட்டர் அக்கா தன் மகன் பெயரை வைத்திருந்தார். எம்டி தன் கார் நம்பரை. பதினேழாவது வரியில் என்னுடையது, எனக்கு மட்டுமே தெரியும் என்று நான் நினைத்திருந்த சொல், யாரோ ஒருவருடைய ஃபைலில், எழுத்துப் பிசகாமல். திருட்டுப் போன வீட்டில் பீரோ திறந்து கிடப்பதைப் பார்ப்பது போல இருந்தது.

இது நடந்ததற்குப் பெரிய மந்திரம் எதுவும் தேவைப்படவில்லை. எங்கள் கம்ப்யூட்டர்களை இணைத்தது, தகவலை உரிய மெஷினுக்கு மட்டும் அனுப்பும் ஸ்விட்ச் இல்லை, ஹப். ஹப் என்பது ஒருவர் பேசினால் எல்லாருக்கும் கேட்கும் கூடம். எந்த மெஷினுக்குப் போகும் தகவலும் எல்லா மெஷின்களுக்கும் போகும். தனக்கில்லாததை ஒவ்வொன்றும் கேட்காமல் விட்டுவிடும், அவ்வளவுதான். கேட்க ஆரம்பித்தால் எல்லாம் கேட்கும். எஃப்டிபி, டெல்நெட், மெயில் மூன்றுமே பாஸ்வேர்டை மூடாமல் அனுப்பும் பழைய முறைகள். ஒருவரையொருவர் நம்பிய பல்கலைக்கழகக் காலத்தில் உருவாக்கியவற்றை அப்படியே வியாபாரத்துக்குக் கொண்டுவந்திருந்தோம்.

அன்று இரவு ஒரு காரியம் செய்தேன். சர்வரில் இருந்த ஆடியோ ஃபைல் ஒன்றை எடுத்து ஹெட்போனில் கேட்டேன். நான் அட்மின், அதுவரை ஒன்றைக்கூடக் கேட்டதில்லை. எனக்கு அவை எம்பி கணக்கு. ஒரு டாக்டரின் சோர்ந்த குரல். முதலில் நோயாளியின் பெயரை எழுத்து எழுத்தாகச் சொன்னார். பிறந்த தேதி. 71 வயது, கணவரை இழந்தவர், தனியாக இருக்கிறார், குளியலறையில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்திருக்கிறது. நடுவில் ஒரு முறை இருமிவிட்டு மன்னிப்புக் கேட்டார். அந்த அம்மாவின் விழுந்த கதை எங்கள் சர்வரில் பூட்டில்லாத அறையில் இருந்தது. என் ஆச்சியும் அந்த வயதுதான்.

அடுத்த நாள் எம்டி அறையில் நான், எடிட்டர் அக்கா, எம்டி மூன்று பேர். "ஃபைலை எடுத்திருக்கானா?" என்றார் எம்டி. எடுத்ததற்கு அடையாளம் இல்லை, எடுக்கவில்லை என்பதற்கும் அடையாளம் இல்லை, நடந்ததையெல்லாம் மெஷின் குறித்து வைக்கும் லாக் அதே மெஷினில் இருந்ததால் புகுந்தவர் நினைத்திருந்தால் அழித்திருக்கலாம் என்றேன். எம்டி வெகு நேரம் பேசவில்லை. "சொன்னா கான்ட்ராக்ட் போயிடும் தம்பி. நாப்பது பேர் இருக்காங்க."

அவர் கெட்ட மனிதர் இல்லை. வீட்டை அடமானம் வைத்து அந்த நிறுவனத்தைத் தொடங்கியவர். அன்றைக்குச் சொல்லித்தான் ஆக வேண்டும் என்று எங்களைக் கட்டாயப்படுத்தும் விதியும் இல்லை. இந்தியாவில் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000 அக்டோபர் 17-ல் நடைமுறைக்கு வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது, எங்கள் அலுவலகத்தில் யாரும் அதைப் படித்ததில்லை. இப்படி நடந்தால் கூப்பிட்டுக் கேட்க இன்றைக்கு செர்ட்-இன் என்ற அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பு இருக்கிறது, அது செயல்படத் தொடங்கியது 2004-ல்தான். நோயாளிகளின் தகவலைப் பாதுகாக்கும் அமெரிக்காவின் ஹிப்பா சட்டம் 1996-லேயே வந்தாலும் அதன் தனியுரிமை விதிகளுக்கு ஆஸ்பத்திரிகள் கட்டுப்பட வேண்டிய கெடு 2003 ஏப்ரல்.

எடிட்டர் அக்காதான் பேசினார். "சார், அது நம்ம அம்மாவோட ஃபைலா இருந்தா, அவங்க நமக்குச் சொல்லணும்னு எதிர்பார்ப்போமா மாட்டோமா?"

அன்று மாலையே வாடிக்கையாளர்களுக்குக் கடிதம் அனுப்பினோம். எப்படி எழுதுவது என்று எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நாலு பத்தி எழுதினோம்: எங்களுக்கு உறுதியாகத் தெரிந்தது என்ன, தெரியாதது என்ன, எந்தத் தேதியிலிருந்து, இப்போது என்ன செய்திருக்கிறோம். 'பாதிப்பு எதுவும் இல்லை' என்ற வரியை எம்டி சேர்க்கச் சொன்னார், பிறகு அவரே அடித்துவிட்டார். எங்களுக்குத் தெரியாத ஒன்றை அந்த வரி சொல்லியது. இன்றுவரை இம்மாதிரிக் கடிதம் எழுத யார் உதவி கேட்டாலும் அந்த நாலு பத்தி அமைப்பைத்தான் கொடுக்கிறேன். ஒரு வாடிக்கையாளர் பதினோரு நாள் வேலையை நிறுத்தினார். பத்து பன்னிரண்டு கேள்விகள் கேட்டார். அப்புறம் திரும்ப வந்தார். இன்னொரு வாடிக்கையாளர் வரவே இல்லை. அந்த மாதச் சம்பளம் பாதிதான் கிடைத்தது, யாரும் முணுமுணுக்கவில்லை.

அந்தப் பதினோரு நாளில்தான் நான் நிஜமாகவே வேலை கற்றுக்கொண்டேன். உள்ளே ஆள் புகுந்த மெஷினைச் சுத்தம் செய்ய முயலவே கூடாது. டிஸ்க்கைக் கழற்றித் தனியாக வைத்துவிட்டு, புது டிஸ்க்கில் முதலிலிருந்து நிறுவினேன். இந்த முறை 'எல்லாம்' இல்லை; தேவையானதை மட்டும். சேவைகளைத் துவக்கும் 'ஐநெட்டி' கான்ஃபிக் ஃபைலைத் திறந்து ஒவ்வொரு வரியாகப் படித்தேன். வரியின் முன்னால் ஒரு # போட்டால் அந்தச் சேவை ஓடாது. ஃபிங்கர், #. டாக், #. ஆர்லாகின், #. டெல்நெட், #. பெயரே தெரியாதவை வந்தபோது முதலில் # போட்டேன், யாராவது கத்தினால் திறக்கலாம் என்று. ஒருவரும் கத்தவில்லை. நெட்வொர்க் கேபிளை இணைத்தது திருத்தங்களை எல்லாம் போட்ட பிறகுதான்.

டெல்நெட்டுக்குப் பதில், எல்லாவற்றையும் மறையாக்கி அனுப்பும் எஸ்எஸ்எச் போட்டோம். எஃப்டிபியை விட்டுவிட்டு ஃபைல் அனுப்புவதையும் எஸ்எஸ்எச் வழியே மாற்ற ஆஸ்பத்திரிப் பக்கத்துக்காரர்களைச் சம்மதிக்க வைக்க நாலு மாதம் பிடித்தது. அமெரிக்கா வலுவான மறையாக்கத்தை வெளிநாட்டுக்கு விடுவதில் வைத்திருந்த கட்டுப்பாடுகளைத் தளர்த்தியதே 2000 ஜனவரியில்தான். அதற்கு முன் நமக்குக் கிடைத்த பிரவுசர்களில் பெரும்பாலும் எளிதில் உடைக்கக்கூடிய 40 பிட் பூட்டுதான். ஹப்பைத் தூக்கிவிட்டு ஸ்விட்ச் வாங்க எம்டி தயங்காமல் செக் எழுதினார்.

ஒரு நீளமான கணக்கு நோட்டு வாங்கினேன். ஒரு மெஷினுக்கு ஒரு பக்கம். எங்கே இருக்கிறது, யார் உபயோகிக்கிறார், எந்த ஓஎஸ், எந்த போர்ட்டுகள் (ஒவ்வொரு சேவையும் காத்திருக்கும் எண்ணிட்ட வாசல்கள்) திறந்திருக்கின்றன, ஒவ்வொன்றும் ஏன் திறந்திருக்கிறது. 'ஏன்' என்ற கட்டத்தில் எழுத முடியாதது எதுவோ அதை மூடினேன். பாதுகாப்பு என்று பிற்காலத்தில் எத்தனையோ விலை உயர்ந்த கருவிகள் வாங்கியிருக்கிறேன், அந்த 'ஏன்' கட்டம் செய்த வேலையை அவை எதுவும் செய்ததில்லை என்பது என் அபிப்பிராயம்.

லாக் விஷயத்துக்கு அந்த இன்ஜினியர் ஒரு பழைய யுக்தி சொன்னார். லாக்கை இன்னொரு மெஷினுக்கு அனுப்பு, அங்கிருந்து டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டருக்கு அனுப்பு. எத்தனை பெரிய கில்லாடி உள்ளே வந்தாலும் காகிதத்தில் அச்சானதை அவனால் அழிக்க முடியாது. பில் போட்டுக்கொண்டிருந்த பழைய பிரிண்டரைக் கொண்டுவந்து, தொடர் காகிதம் மாட்டி, நெட்வொர்க்கின் வாசல் காவலான ஃபயர்வால் தடுக்கும் ஒவ்வொரு தட்டலுக்கும் ஒரு வரி அடிக்கும்படி செய்தேன். ஆரம்பத்தில் எல்லாருக்கும் எரிச்சல். ஒரு வாரத்தில் அது எங்கள் வாசல் நாய் ஆகிவிட்டது. ஹாலில் இருப்பவர்கள்கூட 'இன்னிக்கு ரொம்பக் குலைக்குது' என்பார்கள்.

2001 ஜூலை 19 இரவு அது ஓயவே இல்லை. ஏழரை மணி வாக்கில் தொடங்கி நிமிடத்துக்கு ஒன்றிரண்டு வரி, உலகத்தின் எல்லா மூலையிலிருந்தும், எல்லாமே வெப் சர்வரின் வாசலான போர்ட் 80-க்கு. கோட் ரெட் என்ற புழு. வெப் சர்வர் லாக்கைப் பார்த்தால் 'டிஃபால்ட் ஐடிஏ' என்று தொடங்கி 'என்' என்ற எழுத்து வரி வரியாக நீண்டுகொண்டே போகும். மைக்ரோசாஃப்ட் ஐஐஎஸ் சர்வர்களைக் குறி வைத்தது. எங்களுடையது அப்பாச்சி என்ற வேறு வெப் சர்வர் என்பதால் அது தட்டிவிட்டுப் போனது. ஒரே நாளில் மூன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட மெஷின்களில் புகுந்திருக்கிறது என்று பிறகு கணக்கிட்டார்கள். திருத்தம் வந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. அன்றைக்கு எனக்கு மறக்காதது வேறொன்று. விடிகாலை ஐந்தரைக்கு பிரிண்டர் டக்கென்று அடங்கிவிட்டது. முதலில் காகிதம் தீர்ந்துவிட்டது என்று நினைத்தேன். தீரவில்லை. கிரீனிச் கணக்கில் அப்போது 20-ஆம் தேதி பிறந்திருந்தது. 20-ஆம் தேதியானதும் பரவுவதை நிறுத்திவிட்டு வெள்ளை மாளிகையின் இணைய முகவரியைத் தாக்க வேண்டும் என்று அந்தப் புழுவுக்குள் எழுதியிருந்தார்கள். கோடம்பாக்கத்தில் ஒரு பழைய பிரிண்டர் அதை நிமிட சுத்தமாகச் சொன்னது.

இத்தனை ஏற்பாட்டுக்குப் பிறகும் ஒரு நாள் டிஎக்ஸ் விளக்கு நின்று எரிந்தது. 2003 ஜனவரி 25, சனிக்கிழமை, பகல் பதினொன்றே காலுக்கு மேல். குடியரசு தினத்துக்கு முந்தின நாள். அப்போது எங்கள் லைன் 128 கேபிபிஎஸ். ஸ்விட்ச்சில் ஒரே ஒரு கேபிள் துளையின் விளக்கு விடாமல் எரிந்தது. நோட்டைப் பார்த்தேன்: ஹெச்ஆர் அறை, விண்டோஸ் 2000. கேபிளைப் பிடுங்கினேன், லைன் மூச்சு விட்டது.

அது ஸ்லாமர். 376 பைட் அளவே உள்ள புழு, ஒரே ஒரு பாக்கெட்டில் அடங்கிவிடும், போர்ட் 1434. இந்திய நேரம் பதினோரு மணிக்குக் கிளம்பி, பத்து நிமிடத்துக்குள் தன்னால் புக முடிந்த மெஷின்களில் பெரும்பாலானவற்றில் புகுந்துவிட்டது. அது தேடியது மைக்ரோசாஃப்ட் எஸ்க்யூஎல் சர்வர் என்ற தரவுத்தள மென்பொருளை. எங்களிடம் எஸ்க்யூஎல் சர்வர் இல்லை, நோட்டிலும் இல்லை. ஆனால் ஹெச்ஆர் கம்ப்யூட்டரில் வருகைப் பதிவு மென்பொருள் ஒன்று போட்டிருந்தார்கள். அதன் வயிற்றுக்குள் எஸ்க்யூஎல் சர்வரின் சின்ன வடிவமான எம்எஸ்டிஇ இருந்தது. திருத்தம் வந்து ஆறு மாதம் ஆகியிருந்தது, இருப்பதே தெரியாத ஒன்றுக்கு யார் திருத்தம் போடுவார்? ஃபயர்வால் தாண்டி எப்படி வந்தது என்று பார்த்தால், மென்பொருள் கொடுத்தவர்கள் தூரத்திலிருந்து சரி பார்ப்பதற்காக அந்த மெஷினில் டெலிபோன் லைனில் இணையும் ஒரு டயல்-அப் மோடம் இருந்தது. அன்று காலை அதில் இணைத்திருந்தார்கள். புழு அந்த வழியாக வந்தது. டயல்-அப் துண்டித்ததும் அதன் வெள்ளம் எங்கள் லைன் பக்கம் திரும்பியது. வெளியிலிருந்து வருவதைத்தான் என் ஃபயர்வால் தடுத்தது, உள்ளிருந்து போவதை நான் கேட்டதே இல்லை.

மெஷின் பெயர் எழுதினேன், மெஷினுக்குள் என்ன இருக்கிறது என்று எழுதவில்லை. 2021 டிசம்பரில், எத்தனையோ மென்பொருள்களுக்குள் ஒளிந்திருந்த லாக்4ஜே என்ற சின்ன நிரலில் ஓட்டை இருப்பது தெரிந்து விவகாரம் வெடித்தபோது பெரிய பெரிய நிறுவனங்கள் 'அது எங்களிடம் எந்த மென்பொருளுக்குள் இருக்கிறது' என்று வாரக்கணக்கில் தேடியதைப் பார்த்தேன். எனக்கு அந்த ஹெச்ஆர் அறைதான் நினைவுக்கு வந்தது.

மெஷினை ரீஸ்டார்ட் செய்தால் ஸ்லாமர் போய்விடும், அது மெமரியில் மட்டும்தான் இருக்கும். திருத்தம் போடாமல் இணைத்தால் சில நிமிடத்தில் திரும்பி வரும். மோடத்தைக் கழற்றி என் மேஜை டிராயரில் போட்டேன். உள்ளிருந்து வெளியே எதெது போகலாம் என்று ஒரு புதிய பட்டியல் எழுதி ஃபயர்வாலில் ஏற்றினேன். நோட்டில் ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு கட்டம் கூட்டினேன்: 'இதற்குள் வேறு என்ன'. நாற்பத்தொரு மெஷினுக்கும் அந்தக் கட்டத்தை நிரப்ப ஞாயிறு முழுக்க ஆனது.

திங்கட்கிழமை காலை ஹெச்ஆர் பெண் ஒரு சிடி உறையோடு என் அறை வாசலில் வந்து நின்றார். சம்பளக் கணக்குக்குப் புது மென்பொருளாம். "சார், இதை நானே போட்டுக்கலாமா?" நான் நோட்டை விரித்து, அவருடைய பக்கத்தை எடுத்து, பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டேன். "உட்காரும்மா. உள்ளே என்னென்ன இருக்குன்னு ரெண்டு பேரும் பாத்துடலாம்."